தேன் தின்னாத திருடன்

என் கடைசிப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருடம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அருளாயி அக்கா எனக்கு இதைச் சொன்னார். அவர் மகன் அப்போது சிறையில் இருந்தான். "கதைதான், கேட்டுட்டுப் போ" என்றார்.

ஒரு காட்டில் ஒரு குளம். அதன் கரையில் பவளம் என்ற ஆள்காட்டிக் குருவியும் அவள் மகன் கதிரனும் குடியிருந்தார்கள். பாம்பு வந்தாலும் தீ வந்தாலும் முதலில் கத்துவது ஆள்காட்டிதான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மானும் முயலும் ஓடித் தப்பிக்கும். அதனால், கத்துகிறவனை யாரும் அடைக்கக் கூடாது என்று அந்தக் காட்டில் ஒரு பழைய கட்டுப்பாடு இருந்தது.

காட்டுக்கு ராஜா கரடி. ஒரு கோடையில், எல்லாரும் நிழலில் கண்ணயர்ந்திருந்த உச்சிவெயிலில், ராஜாவின் காட்டுப்பன்றிகள் குளத்துக்கரையை வெட்டின. பாறைக்குப் பின்னால் கரடி குளிக்கும் பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடியது. கதிரன் பார்த்துவிட்டான்.

"கரையை உடைக்கிறாங்க! ராஜா நம்ம தண்ணியைக் கொண்டுபோறார்! எல்லாரும் வாங்க!"

மான்கள் ஓடி வந்தன. முயல்கள் ஓடி வந்தன. பன்றிகள் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் நடந்தன.

மறுநாளே கதிரனைப் பிடித்து முள்ளம்பன்றியின் பழைய வளைக்குள் தள்ளி, வாசலை இலந்தை முள்ளால் அடைத்தார்கள்.

"கத்தினதுக்கா?" என்று மான் கேட்டது.

"சேச்சே! அதுக்கு அடைப்போமா? கட்டுப்பாடு தெரியாதவங்களா நாங்க?" என்றது மந்திரி கழுதைப்புலி. "ராஜா குகையில வச்சிருந்த தேனடையைத் திருடிட்டான்!"

"ஆள்காட்டி என்னைக்குத் தேன் தின்னுச்சு?" என்று முனகியது ஒரு முயல்.

"உமக்கு எதுக்கு வம்பு? வாரும் பேசாம!" என்று அதன் பெண்சாதி அதைப் புதருக்குள் இழுத்துக்கொண்டு போனது.

பவளம் தினமும் அலகில் புழுவோடு வளை வாசலுக்குப் போவாள். உள்ளே கதிரன் இளைத்துக்கொண்டே வந்தான். இறகு கொட்டியது. கூடவே ஒரு பெருச்சாளியும் அடைபட்டுக் கிடந்தது. அது கிழங்கு திருடிய பெருச்சாளி. அதை அதுவே மறைக்காது.

"யக்கா, ஒரு கூத்தைக் கேளுங்க" என்றது பெருச்சாளி. "கிழங்கை எங்கடா வச்சேன்னு எனக்குத் தினமும் உதை. ஒங்க மகன்கிட்ட தேன் எங்கேன்னு இன்னிவரைக்கும் ஒரு பய கேக்கலை. வெளிய போனா என்ன பேசுவேன்னுதான் கேக்கிறானுக. நான் திருடன். இவன் வேற சாதிக் கைதி!"

பவளத்துக்கு அது காதில் ஏறவில்லை. மகனின் கொட்டிய இறகைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். 'கடவுளே, என் பிள்ளையை என்கிட்ட கொண்டுவந்து சேரு' என்று அழுது வேண்டினாள்.

அந்த வாரம் பக்கத்துக் காட்டிலிருந்து பெரியவர் கூழைக்கடா விசாரிக்க வருவதாகச் சேதி வந்தது. கத்தியதற்காக யாரையாவது அடைத்திருப்பதாக அவர் போய்ச் சொன்னால், அந்தக் காட்டு யானைகள் திரண்டு வந்து நியாயம் கேட்கும். கழுதைப்புலி பவளத்தைத் தேடி வந்தது.

"இந்தா பாரும்மா. பெரியவர் கேட்டா, மகன் திருடினது நிசம்னு ஒரு வார்த்தை சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள ஒம்புள்ளை ஒன் கூட்டுல இருப்பான். இல்லேன்னா உள்ளேயே கிடந்து சாவான்."

பவளம் வளைக்கு ஓடினாள்.

"சொல்லாதேம்மா!" என்றான் கதிரன். "நீ சொல்லிட்டா நான் பார்த்த தண்ணியும் பொய்யாப் போயிரும்."

"தண்ணி கிடக்கட்டும்யா. நீ வேணும் எனக்கு!"

கூழைக்கடா வந்தது. கரடி குளத்து மீனாகவே பிடித்து விருந்து வைத்தது. உண்ட மயக்கத்தில் பெரியவர் கேட்டார்: "கத்தினதுக்காக அடைபட்டவங்க யாரும் உண்டா?"

"நான் இருக்கேன்!" என்று வளைக்குள்ளிருந்து கத்தினான் கதிரன். "நான் திருடலை! தண்ணி போறதைச் சொன்னேன்!"

"உள்ள இருக்கிறவன் எவன் திருடினேன்னு சொல்லுவான்? பெத்தவ சொல்லட்டும்" என்றது கூழைக்கடா.

காடே பவளத்தைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பிள்ளை தேனைத் திருடினான் சாமி. அறியாப் பிள்ளை. மன்னிச்சு விட்டுருங்க."

"திருட்டுக் கேசுதான். கத்தினதுக்கு அடைபட்ட கைதி இந்தக் காட்டுல இல்லை" என்று சொல்லிவிட்டுக் கூழைக்கடா பறந்துபோனது. யானைகள் வரவில்லை.

கழுதைப்புலி சொன்ன சொல் தவறவில்லை. பொழுது சாய்வதற்குள் கதிரன் வீட்டில் இருந்தான். பவளம் கேட்ட வரம் கிடைத்துவிட்டது.

சில நாளில் பன்றிகள் மறுபடி கரையை வெட்டின. கதிரன் தொண்டை கிழியக் கத்தினான்.

"தண்ணி போகுது! வாங்க! தண்ணி போகுது!"

"தேன் திருடன் கத்துறான்" என்று மான் திரும்பிப் படுத்தது. "பெத்த தாயே சொன்னாளே!" என்றது முயல்.

"மறுபடி அடைச்சிரலாமா ராஜா?" என்றன பன்றிகள்.

"எதுக்கு?" என்றது கரடி. "கத்தட்டும். இனி எவன் கேக்கப் போறான்?"

பவளம் ஒவ்வொரு புதராக ஓடினாள். "நான் பொய் சொன்னேன்! என் பிள்ளை திருடலை!"

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? மகன் திருடன், தாய் புளுகி!" என்று விரட்டினார்கள்.

குளம் வற்றியது. சேறு வெடித்தது. தண்ணீர் தேடிப் பாறைப் பக்கம் போன மான்குட்டிகளைப் பன்றிகள் முட்டித் தள்ளின. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. முயல்கள் இருந்த இடம் தெரியவில்லை.

வெடித்த சேற்றில் தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். கதிரனுக்குக் குரல் போய்விட்டது. அவன் தாயைத் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, தேன் எப்படி இருக்கும்?"

பவளத்துக்கும் தெரியவில்லை.

பொய்ப் பழியை ஒப்புக்கொண்டு வாங்கும் விடுதலை, ஆளை வெளியே விட்டுவிட்டு அவன் சொன்ன உண்மையை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி யாரையாவது காட்டி இவன் திருடன் என்று உங்களிடம் சொன்னால், என்ன காணாமல் போனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.