சுவருக்கு அந்தப் பக்கம்

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற சரிவில் தில்லையம்மையின் மடம் இருந்தது. மடம் என்றால் ஓட்டுக் கட்டிடம் இரண்டு, ஒரு சமையல்கூடம், எட்டுப் பேர். அவ்வளவுதான்.

அம்மைக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த செண்பகராமனுக்கு அறுபது. ரோடு போடும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மடத்துக்கு வந்துவிட்டார். அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சித்திரையில், மடத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு அறையில் ஒரு வைத்தியசாலை கட்ட முடிவானது. வாரம் இரண்டு நாள் வர ஒரு டாக்டர் சம்மதித்திருந்தார். வேலையைச் செண்பகராமனிடம் விட்டார்கள். அவர் மனையில் புல்லைச் செதுக்கி, மண்ணைக் கிளறி, அளந்து, ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

“மழை பேஞ்சா மலைத் தண்ணி முழுக்க இந்த மனைக்குள்ளதான் எறங்கும். அஸ்திவாரத்துக்கு ஆகாது. அதனால இங்கேருந்து ஒரு வாய்க்கால். கீழ்மூலையில, சுவர் இடிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. அது வழியா தண்ணி வெளிய போயிரும். இது போதும்லா அம்மை?”

அம்மை தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

“சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் வரையலையே.”

“அது நம்ம எடம் இல்ல.”

அம்மை எழுந்து மேட்டுக்குப் போனார். அங்கே தோட்டத்துத் தொட்டி இருந்தது. அன்று அதைக் கழுவ வேண்டிய நாள். அம்மை குனிந்து அடைப்பைப் பிடுங்கிவிட்டார்.

தண்ணீர் குதித்து வெளியே வந்தது.

“அது கூடவே போங்க அண்ணாச்சி. அது எங்க நிக்குதோ, அங்க நில்லுங்க.”

செண்பகராமன் தண்ணீரோடு நடந்தார். கிளறிய மனைக்குள் நுழைந்ததும் அது சிவப்பாகிவிட்டது. வாய்க்கால் வெட்ட நினைத்த இடத்திலேயே ஓடி, இடிந்த சுவரைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையைக் கடந்து, ஒரு வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அவர் அந்தப் பக்கம் அதுவரை போனதில்லை.

“யாரு, மடத்து அண்ணாச்சியா? என்ன, தண்ணிய மேச்சுக்கிட்டு வாறிய?”

கேட்டவள் பேச்சி. செங்கல் அறுக்கிறவள். அவளுக்குப் பின்னால் இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாக அடுக்கிக் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புத் தண்ணீர் விரல் அகலத்துக்கு மெலிந்து முதல் வரிசையை நோக்கி வந்தது. பேச்சி பேசிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி அதை மறித்தாள்.

“எவ்வளவு கல்லு?” என்று கேட்டார்.

“பன்னெண்டாயிரம். இன்னும் ரெண்டு வாரத்துல சூளை வைக்கணும்.”

“அதுக்குள்ள மழை வந்தா?”

“மேல விழுற மழைக்குத் தார்ப்பாய் இருக்கு. தரையில வாற தண்ணிக்குத்தான் ஒண்ணும் கெடையாது. அடிக்கல்லு ஊறிச்சின்னா மொத்த அடுக்கும் உக்காந்துரும்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “போன வருஷம் தெக்க ஒருத்தர் தோப்பை அழிச்சு மண்ணை வெட்டிப் போட்டிருந்தாரு. ஒரே மழை. அடுக்கு சாயுதுன்னு இவுக போயி தாங்கிப் பிடிச்சாக.”

அவள் காட்டிய பக்கம் அவள் புருஷன் மாசானம் குழைத்த மண் சுமந்து வந்துகொண்டிருந்தான். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். செண்பகராமனைப் பார்த்துச் சிரித்தான்.

‘எங்க தண்ணியால உங்களுக்கு ஒண்ணும் வராது’ என்று சொல்ல வாயெடுத்தார் செண்பகராமன். மாசானத்தின் காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அம்மை தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க நின்னுது அண்ணாச்சி?”

“பேச்சி காலடியில.”

செண்பகராமன் தாளை எடுத்துக்கொண்டு போய், வெறுமையாக இருந்த பக்கத்தில் முதலில் கல் அடுக்கை வரைந்தார். பிறகு வேப்பமரம், அதற்கு அப்பால் ஓடை. அங்கிருந்து மேலே மேலே வரைந்துகொண்டு வந்து கடைசியில்தான் வைத்தியசாலையை வரைந்தார்.

மறுநாள் வேலை தொடங்கியது. மலைத் தண்ணீர் மனைக்குள் வராமல் சுற்றிப் போய் ஓடையில் விழ, மேட்டில் ஒரு வாய்க்கால். கீழ்ப்பக்கம் எஞ்சியிருந்த புல்லில் இனி மண்வெட்டி படக்கூடாது என்றார் செண்பகராமன். சுவர் மூலையில் கலங்கல் தண்ணீர் தங்கித் தெளிய ஆழமாக ஒரு குழி, அதன் வாயில் சல்லிக்கல். வேப்பமரத்தடியில் ஓடைப் பக்கம் திருப்ப ஒரு சிறு வாய்க்கால். தோண்டும் மண்ணை மேட்டில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். அஸ்திவாரத்திலும் பாதியைத்தான் முதலில் தோண்டவேண்டும் என்றார்.

கொத்தனார் ஞானதுரைக்குப் பொறுக்கவில்லை.

“வானத்துல ஒரு மேகம் கெடையாது. ஒரு வாரமா வாய்க்காலும் குழியுமா வெட்டிக்கிட்டு இருக்கோம். கட்டிடத்தை எப்பய்யா கட்ட?”

டாக்டரும் ஆள் அனுப்பிக் கேட்டார். மடத்திலும் முணுமுணுப்பு எழுந்தது. செண்பகராமனுக்கே உள்ளுக்குள் கூச்சமாகிவிட்டது.

“மழையே வரலைன்னா எல்லாரும் சிரிப்பாங்க அம்மை.”

“சிரிக்கட்டும். மழை வந்து ஒருத்தர் அழுறதுக்கு, வராம நாலு பேர் சிரிச்சா நல்லதுதானே?”

பதினோராம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது மலை கறுத்திருந்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. கை ஈரம் காய்வதற்குள் மழை இறங்கிவிட்டது. கோடை மழை, துளி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பருமன்.

“அண்ணாச்சி, அஸ்திவாரக் குழிக்குத் தார்ப்பாய்!” என்று கத்தினார் ஞானதுரை.

செண்பகராமன் அதற்குள் சுவரைத் தாண்டியிருந்தார். அறுபது வயதில் அவர் ஓடியதை மடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழே பேச்சியும் மாசானமும் அடுக்குகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபடி, சுவர் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. ஆனால் பாய்ந்து வரவில்லை. சல்லிக்குள் வடிந்து, புல்லில் பரவி, நடக்கத் தெம்பில்லாதது போல மெல்ல இறங்கியது. சிவப்பு தெரியவில்லை. வேப்பமரத்தடியில் அவர் கீறிவிட்டிருந்த சிறு வாய்க்காலில் சேர்ந்து ஓடைக்குத் திரும்பிவிட்டது.

பேச்சி குனிந்து அடிவரிசையைக் கையால் தடவிப் பார்த்தாள். எழுந்து அடுத்த அடுக்குக்கு ஓடினாள். அதையும் தடவினாள்.

“காஞ்சு கெடக்கு,” என்றாள். “ஏங்க, காஞ்சு கெடக்குங்க!”

மாசானம் அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். செண்பகராமனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை. கண்ணிலிருந்தும் வழிந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் அவர் மேலே ஏறி வந்தபோது அஸ்திவாரக் குழியின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஞானதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். குழியின் ஓரத்தில் அம்மை குடையோடு நின்றார்.

“குழி சரிஞ்சிட்டு அம்மை. பக்கத்துல நிக்க வேண்டியவன் நான். கீழ ஓடிட்டேன்.”

“கீழ என்னாச்சு?”

“ஒரு கல்லுகூடக் கரையல.”

அம்மை குடையை அவர் பக்கம் சாய்த்தார். இருவரும் குழியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒண்ணு சொல்லணும் அம்மை. முப்பது வருஷமா எத்தனையோ எடத்துல தண்ணிய வெளிய தள்ளி விட்டிருக்கேன். எங்க போச்சுன்னு ஒரு தடவைகூடப் பின்னால போய்ப் பாத்ததில்ல. ஆனா மழைச் சத்தம் கேட்டாப் போதும், படுத்திருக்கவன் எந்திரிச்சு உக்காந்துருவேன். ஏன் இப்படி உக்காந்திருக்கியன்னு வீட்டுக்காரி கேப்பா. எனக்கே தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அம்மை அவரைப் பார்த்தார். அவருடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“குழியை நாளைக்குத் தோண்டிக்கிடலாம்,” என்றார். “மழை இன்னும் விடல. போய்ப் படுங்க அண்ணாச்சி.”