விழுந்த மரத்தை உருட்டச் சொன்ன மரவட்டை

அந்தக் காலத்தில், மலைக்காட்டின் தரைக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஆயிரம் வயது மரங்கள் தலையோடு தலை சேர்த்துக் கூரை போட்டிருந்தன. வெயில் வெளியே நின்றது. இலைக்கும் இலைக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவும். வழி கிடைக்காமல் சாயங்காலம் மலைக்குப் பின்னால் இறங்கிப்போகும். மறுநாள் மறுபடி வரும். அதற்கு அலுப்பே கிடையாது. அதுதான் பயம்.

அப்போது மரவட்டைக்கு உடம்பை வளைக்கத் தெரியாது. அவள் பெயர் ஆவுடை. நிமிர்ந்த நடை, அதைவிட நிமிர்ந்த பேச்சு. ஏன் என்று கேட்காமல் ஒரு இலையைக்கூடக் கடிக்கமாட்டாள். அவளுக்கு இருந்த ஒரே உறவு காளான் மதினி. மதினிக்கு நடக்க முடியாது. அதனால் அவளுடைய விதைத்தூளை ஆவுடை வயிற்று மடிப்பில் வாங்கி மரம் மரமாகக் கொண்டுபோய் வைப்பாள். மதினி கட்டைகளை மக்கவைத்து இவளுக்கு இரையாக்கித் தருவாள். ஒருத்தி இல்லையென்றால் இன்னொருத்தி பட்டினிதான்.

ஒரு மழைக்காலத்தின் கடைசியில், காட்டிலேயே மூத்த வெடிப்பலா மரம் விழுந்தது. கூரையில் பெரிய ஓட்டை.

காட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விழுந்த மரத்தை யாரும் அசைக்கக் கூடாது. அதன் முதுகில் பாசி ஏறும், பாசியில் விதை முளைக்கும், முளைத்த கன்று வளர்ந்து ஓட்டையை அடைக்கும். அதுவரைக்கும் தரையில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த மரத்தின் அடியில், ஈரத்தில் ஒடுங்கிக் கிடக்கவேண்டும். எத்தனை நாள் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆவுடைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நான்காம் நாள், ஒரு சின்ன வெளிச்சம் மரத்தின் முதுகில் வந்து உட்கார்ந்தது. அந்த முதுகைத் தாண்டிக் கீழே இறங்க அதற்கு வழியில்லை.

"உள்ள யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டது வெயில்.

"ஆவுடை."

"நல்ல பேரு. ஏம்மா இருட்டுக்குள்ள கெடக்க?"

"வழக்கம்."

"யாரு வச்ச வழக்கம்? எதுக்கு வச்சாங்க?"

அது ஆவுடை கேட்கவேண்டிய கேள்வி. தன் கேள்வியை இன்னொரு வாயில் கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"செத்த பொணத்த நடுவீட்டுல போட்டுட்டு அதுக்கு அடியில படுத்துக் கெடக்கீங்க," என்றது வெயில். "எடுத்தாத்தான வீடு சுத்தமாகும்?"

அன்றே ஆவுடை எல்லாரையும் கூட்டிவிட்டாள்.

"ஏட்டி, வெயிலு பேச்சையா கேக்க?" என்றாள் மதினி. மரமும் மண்ணும் சேரும் இடுக்கில் அவள் குடை விரித்திருந்தாள். "வெளிய நிக்கும்போதே வெரல நீட்டுது. உள்ள வந்தா சும்மா இருக்குமா?"

"பாத்திருக்கீங்களா மதினி? வெயிலு என்னய சுட்டுதுன்னு யாராவது சொல்லுங்க. ஒரே ஒருத்தர் சொல்லுங்க, நான் வாய மூடிக்கிடுதேன்."

யாரும் சொல்லவில்லை. முன்னொரு காலம் சுடப்பட்டவர் எவரும் உயிரோடு மிச்சமில்லை. அதனால்தான் சாட்சி இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. ஆள விடுங்கப்பா," என்று நத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆவுடை காட்டெருமையைப் பார்த்தாள். "மாமா, ஒரு முட்டு. அவ்வளவுதான்."

"நான் முட்டிருவேன். பெறகு என்னயக் குத்தம் சொல்லப்பிடாது."

"ஆவுடை சொன்னான்னு சொல்லுங்க."

ஒரே முட்டு. கிழமரம் சரிவில் உருண்டது. மதினியின் குடையில் பாதி அதோடு பிய்ந்துகொண்டு போனது. சத்தம் அடங்கியதும், மரம் கிடந்த இடத்தில் ஈரமண் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது.

வெயில் இறங்கியது. இந்தத் தடவை அது யாரையும் கேட்கவில்லை.

பாசி மஞ்சளாகி, பழுப்பாகி, தூளாகிப் பறந்தது. சுருட்டிவைத்திருந்த பெரணித் துளிர்கள் விரியாமலே கருகின. நத்தை கூட்டின் வாசலை அடைத்துக்கொண்டது. உள்ளே சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. வெளிச்சம் ஓடவில்லை, பாயவில்லை. ஓர் இலை, அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று எதையும் விடாமல் நடந்து வந்தது. ஓட்டையின் ஓரத்தில் நின்ற மரமும் பட்டை வெடித்துச் சாயத் தொடங்கியது.

"நில்லு!" என்று கத்தினாள் ஆவுடை. "சுத்தம் பண்ணத்தான கூப்பிட்டேன்? இதா சுத்தம்? பதில் சொல்லு!"

வெயில் அடுத்த இலையைத் தொட்டது. அதற்கு வாய் உண்டு, காது கிடையாது.

ஆவுடை அத்தனை கால்களையும் வீசி மதினியிடம் ஓடினாள். மிஞ்சிய பாதிக் குடையும் ஓரத்தில் சுருங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மதினி, கீழ நெழல் இருக்கு."

"எனக்கு ஏதுட்டி காலு? ஒனக்குத்தான் அம்புட்டுக் காலு." மதினி கடைசியாக ஒருமுறை குடையை உதறினாள். ஈரமாக மக்கிய, கடுகளவு கட்டைத் துணுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. "இதக் கொண்டு போ. வாயத் தொறக்காத. தொறந்தா ஈரம் போயிரும்."

ஆவுடை அதை வயிற்றில் அணைத்தாள். நிழல் நூறு அடி தள்ளி இருந்தது. நடுவில் மண் கொதித்தது. வெளிச்சம் அவள் வாலைத் தொட்டது.

அவள் வளைந்தாள். உடம்பின் முதல் கட்டு மடக்கென்று உடைந்து மடங்கியது, அடுத்தது, அதற்கடுத்தது. தலை வாலைத் தொடும்வரை விடவில்லை.

வெயில் அவள் முதுகில் தட்டியது.

"ஆவுடை, தொற. பேசுவோம். நான் செஞ்சது தப்புன்னா ஏன்னு சொல்லு பாப்போம்."

அவளிடம் நூறு பதில் இருந்தது. ஒவ்வொன்றும் வெயிலை வாயடைக்க வைக்கிற பதில். அடிநாக்குவரை வந்தது. வாயைத் திறந்தால் சுருளும் திறக்கும், மடியில் இருக்கும் ஈரம் போய்விடும்.

"பதில் இல்லையா? அப்ப தோத்துட்டியா?"

முதுகு பொரிந்தது. ஆவுடை பல்லைக் கடித்தாள். தோற்றவளாகவே உருண்டாள். சரிவில் உருண்டு, கல்லில் மோதி, எகிறி, அடிவாரத்தில் அதே கிழவெடிப்பலா சிக்கிக் கிடந்த இருட்டுக்குள் போய் விழுந்தாள். அங்கே கூரை இன்னும் முழுசாக இருந்தது.

அடுத்த மழைக்கு அந்தக் கிழமரத்தில் காளானாக ஒரு வெள்ளைப் பொட்டு முளைத்தது. அதற்கு ஆவுடையைத் தெரியவில்லை.

மரவட்டை யார் தொட்டாலும் சத்தமில்லாமல் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அன்று முதல்தான். கிழமரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கும் காட்டைத் தவிர அது வேறெங்கும் குடியிருப்பதில்லை. செத்த மரம்தானே, எடுத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டு எவராவது வந்தால், அது பதில் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறது.