அரக்கு பூசுன ஆட்டச் செருப்பு

ஒரு ஊர்ல ஒரு கால் கட்டை வெரலு இருந்துச்சாம். சிரிக்காத கண்ணு, கட்டை வெரலேதான். அது தனியாவா இருக்கும், அதுக்கு மேல பன்னெண்டு வயசுல ஒரு புள்ளையும் இருந்துச்சு. பேரு சுடர்க்கொடி, எல்லாரும் சுடருன்னு கூப்புடுவாங்க. அந்தக் கட்டை வெரலு மேல ஒரு நாளு எந்திரிச்சு நிக்கோணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு மூணு வருசமா காத்துக்கிட்டு இருந்தா. போர்வைய இழுத்து மூடிக்கோ. அப்பப்ப ம் கொட்டோணும், கொட்டலைன்னா கதையை அங்கியே நிறுத்திப் போடுவேன்.

ம்.

அந்த ஊர்ல ஒரு மளிகைக் கடை, அதுக்கு மேல் மாடியில ஒரு டான்ஸ் ஸ்டுடியோ. சலங்கை கட்டி ஆடற ஆட்டம் இல்ல, இது பாலேன்னு வெள்ளக்காரங்க ஆட்டம். நம்மூரு ஆட்டத்துல தை தைன்னு பூமியத் தட்டோணும். பாலேல சத்தமே வரக் கூடாது, குதிச்சாலும் பூனை குதிச்சாப்ல குதிக்கோணும். தொம்முனு எவளாச்சும் குதிச்சா, சொல்லிக் குடுக்கற ஃப்ளாரா மிஸ்ஸு, "கீழ பருப்பு அளக்கறவங்களுக்குக் கேக்குது"ம்பாங்க. அவ்வளவுதான் அவங்க திட்டு. ஆனா அந்தத் திட்டுக்கே புள்ளைங்க மொகம் சுருங்கிப் போயிரும்.

சுவத்தோரமா ஒரு நீளக் கட்டை அடிச்சிருக்கும். அதப் புடிச்சுக்கிட்டு முட்டிய மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு. சுடரு வீட்டுல பல்லு வெளக்கறப்பக்கூட குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குவா. மொத வருசம் போயி, "மிஸ், நான் வெரலு மேல நிக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. "எலும்பு இன்னும் பிஞ்சு"ன்னாங்க. ரெண்டாம் வருசம் கேட்டா. "கணுக்கால் ஆடுது"ன்னாங்க. அப்புறம் மூணாம் வருசம் கேட்டா. மிஸ்ஸு அவ பாதத்த மடியில வச்சு அமுக்கிப் பாத்தாங்க, உள்ள போயி ஒரு டப்பாவ எடுத்துட்டு வந்து கையில குடுத்தாங்க.

உள்ள என்ன? ரோஸ் கலரு சாட்டின் செருப்பு. தொட்டா துணி, ஆனா மூக்கு மட்டும் கல்லாட்டம், தட்டுனா டொக் டொக். அது என்ன, மரமா இரும்பா? ஒண்ணுமில்ல கண்ணு. துணியும் காயிதமும் பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டிக் காய வச்சது. அதுக்குள்ளதான் வெரலு நிக்கும். மிஸ்ஸு சொன்னாங்க, "காலுல சுத்திக் கட்டற நாடாவ நீயேதான் தைக்கோணும். புதுசு வெறைப்பா இருக்கும், படியில நாலு தட்டு தட்டிப் பழக்கோணும். தண்ணி மட்டும் படவே கூடாது." சுடரு தலைய ஆட்டுனா. ஆனா வீட்டுல அம்மாகிட்ட அதச் சொல்லல. அம்மாவுக்கு இதுல என்ன தெரியப் போகுதுன்னு ஒரு நெனப்பு.

அம்மா பேரு பரிமளம். பேருதான் பரிமளம், கிட்டப் போனா ஸ்பிரிட்டு வாசம் குப்புன்னு அடிக்கும். மேசை நாற்காலி செய்யற பட்டறையில உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பாலிஷ் அடிக்கற வேலை. ரெண்டு கையும் காப்பிக் கொட்டை நெறம், எத்தன தேச்சாலும் போகாது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வந்தா, "நீ கீழயே நில்லும்மா"ன்னு சொல்லிட்டு சுடரு படியேறிப் போயிருவா. அம்மாவும் மளிகைக் கடை ஓரமா நின்னுக்குவா. மூணு வருசத்துல மக ஆடி ஒரு நாளும் பாத்ததில்ல. கேக்கறயா, தூங்கிட்டயா?

ம்... கேக்கறேன்.

அப்போ ஆண்டு விழா வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. மத்த புள்ளைங்க எல்லாம் கொளத்துத் தண்ணியா ஆடோணும், சுடரு மட்டும் நாரை. அந்த நாரை எட்டு எண்ணிக்கை வெரலு மேல நிக்கோணும். அதுக்குத்தான் அந்தச் செருப்பு.

வெள்ளிக்கிழமை சுடரு பள்ளிக்கூடம் போயிட்டா. பரிமளம் கட்டிலு மேல செருப்பப் பாத்தா. படியில தட்டித் தட்டி மூக்கெல்லாம் கறுப்பு. "சபையில ஆடப் போற புள்ள அழுக்குச் செருப்பப் போட்டுக்கிட்டா போறது"ன்னு நெனச்சா பாவம். வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில இருக்கற தொவைக்கற கல்லுக்கு எடுத்துட்டுப் போனா. சோப்புப் போட்டு, பிரஷ்ஷு வச்சு சரக் சரக், வாளித் தண்ணியில முளுக் முளுக். கொடியில கிளிப்புப் போட்டு மாட்டிட்டு, மக எப்ப வருவான்னு சிரிச்ச மொகமா உக்காந்திருந்தா. புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்ச கதைதான் போ.

சாயங்காலம் சுடரு வந்தா. செருப்பு மூக்கத் தொட்டா. பொதுக்குனு வெரலு உள்ள போச்சு, ஊறுன ரொட்டியாட்டம். அவளுக்கு அழுகைகூட வரல. "நீ எதையும் தொடாதம்மா. உன் கை பட்டாலே எல்லாம் நாசந்தான்"னுட்டா.

பரிமளம் கை ரெண்டையும் ஒருக்கா பாத்தா, முந்தானையில தொடச்சுக்கிட்டா. நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியாது.

அப்புறம் சுடரு செருப்பத் தூக்கிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடுனா. "மிஸ், வேற யாருதாச்சும் போட்டுக்கட்டுங்களா?" மிஸ்ஸு கூடாதுன்னு தலைய ஆட்டுனாங்க. "அவங்கவங்க செருப்பு அவங்கவங்க காலுக்குப் படிஞ்சிருக்கும். அடுத்தவங்களுதப் போட்டு மேல நின்னா கணுக்கால் மடங்கிரும். நாளைக்கு நீயும் தண்ணியோட சேந்து ஆடு சுடர். நாரை அடுத்த வருசம் வரட்டும்." அடுத்த வருசமாம். மூணு வருசம் காத்தவளுக்கு அந்தச் சொல்லு எப்படி இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்தா, அம்மா இஸ்திரிப் பெட்டியோட உக்காந்திருந்தா. செருப்பு மேல ஈரத் துணியப் போத்தி வச்சு அழுத்துனா. ஸ்ஸ்ஸ்னு ஆவி போச்சு. மேல காஞ்சுச்சு, உள்ள பொதுக்குனுதான் இருந்துச்சு.

அப்புறம் ரெண்டாவதா கஞ்சி காச்சுனா. சீலைக்குப் போடற கஞ்சி, அத மூக்குக்குள்ள தடவி, துணியத் திணிச்சு, விடிஞ்சதும் வெயில்ல வச்சா. நல்லா வெறச்சுது. சுடரு மாட்டிக்கிட்டு மெதுவா எந்திரிச்சா. படக். அப்பளம் ஒடைஞ்சாப்ல விரிசல் விட்டுருச்சு. அவ தரையில உக்காந்தவ உக்காந்தபடியே இருந்தா.

பரிமளம் செருப்ப எடுத்து மடியில கட்டுனா. "பட்டறைக்குப் போலாம் வா"ன்னா. "எதுக்கு?"ன்னு கேட்டா சுடரு. "கால் ஒடைஞ்ச நாற்காலி எத்தனையோ நிக்க வச்சிருக்கறேன். இது நிக்காதா?"

பட்டறையில மேசைகளுக்கு நடுவுல ஒரு மணப்பலகை. அதுல மகள உக்கார வச்சா. மரத்துக்குப் பாலிஷ் அடிக்கற அரக்க ஸ்பிரிட்டுல கரைச்சு ஒரு கிண்ணத்துல எடுத்தா. பிரஷ்ஷ முக்கிட்டு நிறுத்திக்கிட்டா. "நேத்து கேக்காமச் செஞ்சேன். இன்னைக்குக் கேட்டுட்டுச் செய்யறேன். எந்த எடம் வளையோணும், எந்த எடம் வளையக் கூடாது? காட்டு."

சுடரு வெறுங்கால நீட்டுனா. "வெரலு நிக்கற மூக்கு வளையக் கூடாதும்மா. இங்க, இந்த வளைவுல மட்டும் வளையோணும்." பரிமளம் மக காலக் கையில வாங்குனா. கட்டை வெரலெல்லாம் காச்சுப் போயி, நகம் ஒரு பக்கம் கன்னிப் போயிருந்துச்சு. "இவ்வளவு வலிச்சிருக்குதா? எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னா. சுடருக்கு அப்பத்தான் கண்ணுல தண்ணி முட்டுச்சு. மூணு வருசத்துல ஒரு நாளு சொல்லியிருக்கலாமில்ல?

அப்புறம் ஒரு பூச்சு. ஊது, காய விடு. ரெண்டாவது பூச்சு. ஊது, காய விடு. மூணாவது பூச்சு. காப்பிக் கொட்டை நெறக் கையி, நூலு புடிச்சாப்ல விரிசலு உள்ளார மட்டும் போயிட்டு வந்துச்சு, சாட்டின் மேல ஒரு சொட்டு தெறிக்கல. இந்தக் கையத்தான் நேத்து அப்படிச் சொன்னமான்னு சுடரு பாத்துக்கிட்டே இருந்தா. மன்னிப்புக் கேக்கோணும்னு வாயத் தொறந்தா. சொல்லு வரல.

ம்...

மத்தியானம் ஸ்டுடியோவுல மிஸ்ஸு செருப்ப வாங்கி மூக்க அமுக்கிப் பாத்தாங்க, அமுங்கல. தரையில தட்டுனாங்க, டொக். மோந்து பாத்துட்டு, "இது என்ன வாசம்?"னாங்க. "எங்கம்மா வாசமுங்க மிஸ்"ன்னா சுடரு. மிஸ்ஸு மாட்டச் சொல்லி, கட்டையப் புடிச்சு ஏறி எறங்கச் சொன்னாங்க. ஒருக்கா, ரெண்டுக்கா, மூணுக்கா. "சரி. எட்டு எண்ணிக்கை மட்டும் மேல நில்லு. மத்ததெல்லாம் குதிகாலத் தூக்குனா போதும்"னாங்க. தண்ணிக்குள்ள போன நாரை திரும்பி வந்துருச்சு.

அஞ்சு மணிக்கு மாடி நெறய சனம். "நீயும் மேல வாம்மா"ன்னு சுடரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. நாற்காலியில பாலிஷ் ஒட்டிக்குமோன்னு பரிமளம் உக்காரல, கதவோரமாவே நின்னுக்கிட்டா. ஒரு சாரு பியானோ வாசிக்க ஆரம்பிச்சாரு, தண்ணியெல்லாம் சலசலன்னு ஓடி ஒதுங்குச்சு. நாரை நடுவுல வந்து மெல்ல மெல்ல எந்திரிச்சுது. எண்ணு பாக்கலாம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு... அஞ்சுல கொஞ்சம் நடுங்குச்சு. ஆறு. ஏழு. எட்டு. எறங்குச்சு பாரு, கீழ பருப்பு அளக்கறவங்களுக்கு ஒரு சத்தம் கேக்கல.

அந்த ஆட்டத்துல ஒரு பழக்கம் உண்டு கண்ணு. ஆடி முடிச்சதும் ஒரு கால பின்னால வச்சு, முட்டிய மடக்கி, தலை குனிஞ்சு கும்புடோணும். மொதக் கும்புடு பாக்க வந்த சனத்துக்கு. ரெண்டாவது மிஸ்ஸுக்கு. மூணாவது பியானோ வாசிச்ச சாருக்கு. வாய்ச் சொல்லே கெடையாது, அந்தக் குனியறதுதான் நன்றி. எல்லாப் புள்ளைங்களும் மூணு கும்புடும் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

சுடரு மட்டும் போகல. நம்ம வீடுகள்ல அம்மாகிட்ட யாராச்சும் நன்றின்னு சொல்லிக் கேட்டிருக்கறயா? சொன்னா அசலூராங்ககிட்டப் பேசறாப்ல இருக்கும். சொல்ல வராத சொல்ல அந்தப் புள்ள காலுல சொல்லிருச்சு. கதவுப் பக்கம் திரும்பி, கால பின்னால வச்சு, மூணு பேருக்கும் குனிஞ்சத விட நெம்பக் கீழ குனிஞ்சா.

பரிமளம் திரும்பிப் பின்னால பாத்தா, அங்க நிக்கற பெரிய மனுசர் யாருன்னு. யாருமில்ல, செவுருதான் இருந்துச்சு. அப்புறம்தான் அவளுக்குப் புரிஞ்சுது. முந்தானைக்குள்ள மறச்சு வச்சிருந்த ரெண்டு கையையும் வெளிய எடுத்து, அத்தன சனத்துக்கு முன்னால, மகளப் பாத்துத் திருப்பிக் கும்புட்டா.

சுடரு காலும் ஓஞ்சுது, பரிமளம் மனசும் ஆறுச்சு, கதை சொன்ன வாயும் வலிச்சுது. அவ்வளவுதான் சாமி, நீயும் கண்ண மூடித் தூங்கு.