பிரமு டீச்சரின் சும்மாடு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது மாவு மில்லில் நடந்த கதை. நான் மெதுவாகத்தான் சொல்லுவேன். மில் ஓடுகிற சத்தத்தை நீங்களாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில், வாய்க்கால் பாலம் தாண்டினால் ஒரு மில். அதை நடத்தினவள் பேச்சித்தாய். வயசு முப்பத்துமூன்று. புருவத்தில் எந்நேரமும் மாவு அப்பியிருக்கும். தானியத்தை மேலே கொட்டிவிட்டு, அது இறங்கி முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் இல்லை. இடுப்பில் செருகின குரோஷா ஊசியை உருவி, நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்க ஆரம்பித்துவிடுவாள். கோதுமை திரித்து முடிப்பதற்குள் ஒரு பூ. மல்லியும் மிளகாய் வத்தலும் என்றால் இரண்டு பூ. அவளுடைய ரெண்டு வயசு மகள் மாடத்தி, சாக்குமூட்டைகளுக்கு நடுவே வெள்ளைப் பூனை மாதிரி மாவில் புரண்டுகொண்டிருப்பாள்.

அவளிடம் பின்னல் படிக்க வந்தவர் பிரமு டீச்சர். வயசு அறுபது. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சிக்கே எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். நூற்றுக்கு நாலு மார்க் போட்டவரும் அவரேதான்.

முதல் நாள் நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு மில் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி பேச்சி, எனக்கும் இதைச் சொல்லித் தருவியா?”

“தாரேன் டீச்சர். வாய்ப்பாடு மட்டும் கேக்கக் கூடாது.”

டீச்சர் கேட்கவில்லை. நல்ல மாணவியாக இருந்தார். கண்ணி பிசகாது, விரல் நடுங்காது. ஆறு மாசத்தில் வீட்டையே பின்னிப் போட்டுவிட்டார். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சிலிண்டருக்குப் பாவாடை. லைன் கட்டாகி எத்தனையோ வருஷமான டெலிபோனுக்கும் ஒன்று. அந்த உறையெல்லாம் அழுக்காகிவிடக் கூடாதே என்று, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர்.

ஒருநாள் மாவு கொடுக்கப் போன பேச்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கூடத்தில் உறையும் பிளாஸ்டிக் கவரும் மாட்டின சோபா கிடந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், சாருக்கு மட்டும் இன்னும் உறை போடலையே?”

“அளவெடுக்க விட மாட்டேங்காரு” என்றார் டீச்சர். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள், கல்யாணி. தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் அல்லவா? கார் வாசலில் நின்றது. கல்யாணி ஏறவில்லை.

“நான் இங்கேயே பெத்துக்கிடுதேன்மா.”

“ஏன்? நம்ம வீட்டுல உனக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. எட்டு வயசுல எனக்கு ஒரு பொம்மை வாங்கித் தந்தியே, அது இன்னும் பெட்டியோட அலமாரியில இருக்கு. கண்ணாடி வழியாத்தான் நான் அதுகூட விளையாடினேன். என் பிள்ளை அந்த வீட்டுல எங்க ஒண்ணுக்கு இருக்கும், சொல்லு?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து வைத்தார். திரும்பி வருகிற வழி முழுக்க, மகள் உட்காராத பின்சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுத்தார். வெள்ளைப் பருத்தி நூலில் பிள்ளைக்கு ஒரு போர்வை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நூற்று நாற்பத்துநாலு பூ. ஒரு கண்ணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘இதை மடியில் விரித்தால் மகள் மனசு இளகிவிடும்’ என்று டீச்சர் நினைத்தார். பேச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட பின்னல் இல்ல டீச்சர்” என்றாள்.

போர்வை பார்சலில் போனது. நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டார். நல்ல மனுஷி. குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

“கோவிச்சுக்கிடாதீங்க மதினி. பிறந்த பிள்ளை மேல நாங்க முதல்ல புதுத்துணி போட மாட்டோம். உங்க வீட்டுல புழங்கின பழைய துணி ஏதாவது இருந்தா குடுங்க. அதுதான் பிள்ளைக்கு மெத்துனு இருக்கும். கல்யாணிகிட்ட கேட்டேன். எங்க வீட்டுல பழசே கிடையாது அத்தைன்னு சொல்லுதா.”

டீச்சர் பீரோவைத் திறந்தார். மேல்தட்டு, கீழ்தட்டு, பரண், டிரங்குப் பெட்டி எல்லாம் பார்த்தார். மகள் சொன்னது சரிதான். கரை நைய ஆரம்பித்த அன்றைக்கே துணியைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, எவர்சில்வர் டப்பா வாங்கிவிடுகிற வீடு அது. டப்பா நிறைய இருந்தது. ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் இருந்தது.

மறுநாள் காலையில் போர்வையோடு மில்லுக்கு வந்தார். பிரசவத்துக்கு இன்னும் நாற்பது நாள்.

“பேச்சி, புதுசை எப்படிப் பழசாக்குறது?”

பேச்சி மோட்டாரை நிறுத்தவில்லை. “துவைங்க டீச்சர்.”

மூன்று நாளில் பத்துத் தடவை துவைத்துக் கொண்டுவந்தார். பேச்சி வாங்கி மோந்து பார்த்தாள்.

“இது துவைச்ச புதுசு.”

“டீத்தண்ணியில முக்கி எடுக்கட்டுமா?”

“அது டீ குடிச்ச புதுசு.”

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “நேரா பதில் சொல்ல மாட்டியா? என் வகுப்புல இப்படிச் சுத்தி வளைச்சா நான் என்ன செய்வேன் தெரியும்லா?”

“தெரியும் டீச்சர். முட்டி போடச் சொல்லுவீங்க. ரெண்டு தடவை போட்டிருக்கேன்.”

கல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் வீட்டு மாவு திரித்து, டின்னில் ஆறிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஆட்டோவில் போகும் டின் அது. பேச்சி போர்வையை எடுத்து உதறினாள். ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கினாள். வட்டமாகச் சுருட்டி, சுமை தூக்குகிறவர்கள் வைப்பார்களே, அந்த மாதிரி டீச்சர் தலையில் சும்மாடாக வைத்தாள். டின்னைத் தூக்கி அதன் மேல் ஏற்றினாள்.

“பழி வாங்குதியா பேச்சி?”

“இன்னைக்கு ஆட்டோ வரல டீச்சர்.”

நாலு தெரு போக வேண்டும். நாலு தெருவிலும் டீச்சரிடம் படித்தவர்கள்தான் இருந்தார்கள். ஒருத்தி கோலப்பொடி டப்பாவோடு எழுந்து நின்றுவிட்டாள். ஒருத்தன் பைக்கை நிறுத்தி, “டீச்சர், டீச்சர், இறக்குங்க, நான் கொண்டாரேன்” என்று பதறினான்.

“வேண்டாம்டா. வீட்டுப்பாடம்.”

கழுத்து வலித்தது. நெற்றியில் வழிந்த வியர்வை கண்ணுக்கு வரவில்லை. சும்மாடு குடித்துக்கொண்டது. வீட்டில் இறக்கிப் பார்த்தால், நூற்று நாற்பத்துநாலு பூவிலும் மாவும் வியர்வையும் தலை எண்ணெயும். அதைப் பீரோவில் வைக்க முடியாது. வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவும் இல்லை. சோபாவில் போட்டார்.

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். “அது மேல உட்காரலாமா?”

டீச்சர் சும்மாட்டைப் பிரித்து விரித்துப் போட்டார். வீட்டுக்காரர் முக்காலியிலிருந்து எழுந்துபோய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு போர்வைக்கு ஓய்வில்லை. வீட்டுக்காரர் மடியில் விரித்துச் சாப்பிட்டு அதில் சாம்பார் ஊற்றினார். டீச்சருக்கு முழங்கால் குடையும்போது சுற்றிக்கொள்ள அதுதான். முருங்கைக்கீரை உருவ அதைத்தான் விரித்தார். எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். குழந்தை தன் பங்குக்கு நனைத்தது. முதல் தடவை டீச்சர் ‘ஐயோ’ என்று கத்தினார். அடுத்த தடவை மடித்து மறுபக்கம் போட்டார்.

நாலாவது வாரம் கிரைண்டர் கொக்கியில் சிக்கி ஒரு பூ அவிழ்ந்துபோனது. மில்லுக்கு ஓடிவந்தார்.

“பேச்சி, ஒரு பூ போச்சு. நூத்தி நாப்பத்துமூணுதான் இருக்கு.”

பேச்சியிடம் அப்போது சிவப்பு நூல்தான் இருந்தது. அதிலேயே ஒரு பூ பின்னி ஓட்டையில் வைத்துக் கோத்தாள்.

“கலர் சேரலையே பேச்சி.”

“இருக்கட்டும். போர்த்தும்போது தலைமாடு எது, கால்மாடு எதுன்னு தெரியணும்லா?”

ஐந்து நாள் கழித்துப் போன் வந்தது. பெண்பிள்ளை. சுகப்பிரசவம்.

டீச்சரும் வீட்டுக்காரரும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மா போர்வையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல பழசா இருக்கே! எத்தனை வருஷத்துத் துணி மதினி?”

பொய் சொல்ல டீச்சருக்கு வராது. “அன்னைக்கு அனுப்பினதுதான். ஒரு மாசத்துக்கு மேல ஆகுது.”

“ஒரு மாசத்துலயா இந்தப் பாடு பட்டிருக்கு!”

கட்டிலில் படுத்திருந்த கல்யாணி கையை நீட்டினாள். வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலால் ஒரு மஞ்சள் கறையைத் தொட்டாள்.

“இது என்ன, சாம்பாரா?”

“உங்க அப்பா.”

“இது?”

“எதிர்வீட்டுப் பிள்ளை. துவைச்சுட்டேன், துவைச்சுட்டேன்.”

கல்யாணி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். வேற வீட்டு அம்மா யாரோ வந்து நிற்கிறாளோ என்கிற மாதிரி. பிறகு அவளே பக்கத்தில் கிடந்த பிள்ளையை எடுத்து, சிவப்புப் பூவைத் தலைமாட்டில் வைத்து, போர்வையில் சுற்றினாள். பிள்ளை ஒரு தடவை நெளிந்தது. கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

“பதினாறு நாள் கழிச்சு அங்க வாரேன்மா” என்றாள் கல்யாணி. கொஞ்ச நேரம் கழித்து, “சோபாக் கவர் இன்னும் கிடக்கா?” என்று கேட்டாள்.

டீச்சர் மறுநாள் காலை மில்லில் நின்றார். அன்றைக்குக் கூட்டம். கம்பு, கோதுமை, இட்லிப்பொடி என்று ஆளாளுக்குத் தூக்குச்சட்டியோடு வரிசை. டீச்சர் வரிசையைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார்.

“பேச்சி, பேத்தி வரப்போறா.”

“கேள்விப்பட்டேன் டீச்சர். சந்தோஷம்.”

“அதுக்கில்லட்டி. ஒரு போர்வை பழசாக நாப்பது நாள் ஆச்சு. இன்னும் முழு வீடும் அப்படியே கிடக்கு. சோபா, டிவி, தரை, கண்ணாடி அலமாரி. கையில பதினஞ்சு நாள்தான். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்து வரலையே?”

அன்றைக்குத்தான் பேச்சி மோட்டாரை நிறுத்தினாள். மில் அடங்கியதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் போனாள். மாடத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் மாவு. பானையிலிருந்து கருப்பட்டி ஒன்றை எடுத்து, கல்லில் தட்டி இரண்டாக உடைத்தாள். பிள்ளையின் வலது கையில் ஒரு துண்டு வைத்தாள். இடது கையில் ஒரு துண்டு வைத்தாள். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, இரண்டு துண்டின் மேலும் தெளித்தாள்.

பிள்ளையை டீச்சர் கையில் கொடுத்தாள்.

“உங்க வீட்டுல ஓட விட்டு, நாலு மணிக்குக் கொண்டு விடுங்க டீச்சர். கையை மட்டும் கழுவி விட்டுராதீங்க.”