மினுக்கிக்கு முட்டை இறங்காத கதை

போர்வையை இழுத்து மூடிக்க. காலைத் தூக்கி என் மேல போடாத, கனக்குது. கதை வேணும்னா நடுநடுவுல "ம்" சொல்லணும், தெரியும்ல? சத்தம் வராட்டி நீ தூங்கிட்டன்னு நிறுத்திப்புடுவேன். அப்புறம் காலையில எந்திரிச்சு, "அத்தே, பாதியில விட்டுட்டே"ன்னு மூக்கைச் சிந்தக் கூடாது.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரு அப்பன், ஒரு மக, ஒரு பாம்பு. ஆமா, பாம்புதான். எதுக்கு இப்பக் கண்ணை இம்புட்டு அகலமா முழிக்கிற? அது சாரைப்பாம்பு, அதுக்கு விஷமெல்லாம் கிடையாது. உங்கப்பன் கோவப்பட்டா இருக்குற விஷம் கூட அதுக்கு இல்ல.

அப்பன் பேரு சோணை. அவருக்கு வெத்திலைக் கொடிக்கால்ல வேலை. வெத்திலைக் கொடியா நட்டு வச்சிருக்குற தோட்டம்தான் கொடிக்கால். பகல்லயே உள்ள இருட்டா, குளுகுளுன்னு, எப்பவும் ஈரமா கிடக்கும். அங்க ஒரு நாளு மண்வெட்டி பட்டு ஒரு பாம்புக்குட்டி துடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். சோணை அதைத் துண்டுல சுருட்டி வீட்டுக்குக் கொண்டாந்து, மஞ்சளை அரைச்சுப் பூசி, பொழைக்க வச்சுட்டாரு. அது நெகுநெகுன்னு வளந்து ஏழடி நீளமாயிருச்சு. மினுக்கின்னு பேரு வச்சாரு. அது நெல்லு கொட்டி வைக்கிற குதிருக்குப் பின்னாடி 'சரக்... சரக்...'னு போகும். அப்புறம் 'கப்!' ஒரு எலி காலி. "எங்க வீட்டுல எலியும் இல்ல, எட்டிப் பாக்குற சொந்தக்காரனும் இல்ல"ன்னு சோணை சிரிப்பாரு. படுக்குறப்போ அவரு கட்டிலுக்கு அடியில அது சுருண்டு கிடக்கும்.

மக பேரு இருளாயி. ஆத்தா இல்லாத புள்ள. அவளுக்கு உலகத்துல ஐயாவை விட்டா வேற ஆளு கிடையாது.

அப்போ பாரு, அந்த ஐயாவுக்குச் சீக்கு வந்துருச்சு. 'கொள்ளு கொள்ளு'ன்னு இருமல். வைத்தியருங்க வந்தாங்க, நாடி பாத்தாங்க, கையை விரிச்சுட்டுப் போயிட்டாங்க. இருளாயி வாசல்ல வந்து நிக்கிறா. நல்ல உச்சி வெயில். தெருவுல நாய் கூட இல்ல. அப்போ ஒரு ஆளு நடந்து வர்றான். வெறுங்காலு. புழுதியில நடக்குறான், ஆனா கால்ல புழுதி ஒட்டல.

"ம்."

அவனுக்கு நெழல் இருந்துச்சான்னு கேக்காத. உச்சி வெயில்ல யாருக்குமே நெழல் காலடியில ஒளிஞ்சுக்கும். அதனாலதான் அவன் அந்த நேரத்துக்கு வந்தானோ என்னவோ.

"என்ன வேணும் புள்ள?"ன்னான்.

"எங்க ஐயா போகக் கூடாது"ன்னா இவ.

"அம்புட்டுத்தானா?"

மடியில இருந்து ஒரு கருப்புக் கயிறு எடுத்தான். நிலைக்கதவு மேல, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டினான். அதுல ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூணு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் வீட்டுக்குள்ள ஏதோ 'டப்'புனு மூடுற சத்தம்.

"இப்ப இந்த வீட்டுக்குள்ள இருக்குறது எதுவும் இனிமே வெளிய வராது"ன்னான்.

"கூலி என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம்"னுட்டான். அங்கதான் அவ யோசிச்சிருக்கணும். கூலி வேணாம்னு ஒருத்தன் வேலை செஞ்சா, அவனுக்கு அந்த வேலையிலயே ஏதோ கிடைச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா புள்ளைக்கு யோசிக்கிற நேரமா அது? நிமிந்து பாத்தா, தெருவுல ஆளையே காணோம்.

"யாரு அத்தே அவன்?"

எனக்கு மட்டும் தெரியுமா? கதையில வந்தான், போயிட்டான். நீ "ம்" மட்டும் சொல்லு.

அவன் கட்டினப்போ இருளாயி வாசல்ல வெளிய நின்னாள்ல, அதனால கட்டு அவளைப் புடிக்கல. அவ போவா, வருவா. உள்ள இருந்தது எல்லாம் மாட்டிக்கிச்சு. ஐயா, மினுக்கி, ஒரு ஆட்டுக்குட்டி, அன்னைக்கு அடுப்புல புகைஞ்ச புகை. எல்லாம்.

முதல் நாளு ஐயா போகல. ரெண்டாம் நாளும் போகல. இருளாயிக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். மூணாம் நாளுதான் அண்ணாந்து பாத்தா. கூரைக்குக் கீழ அந்தப் பழைய புகை அப்படியே மேகம் மாதிரி நிக்குது. சன்னலைத் தொறந்து விட்டா, போகல. முறத்தை எடுத்து வீசினா, ஒரு சுத்துச் சுத்திட்டுத் திரும்பவும் அங்கேயே வந்து நின்னுக்கிச்சு.

அப்புறம் ஆட்டுக்குட்டி. 'டக்கு டக்கு டக்கு'ன்னு முன்வாசல் வழியா வெளிய ஓடுச்சு. ஓடின அதே நேரத்துக்குக் கொல்லைவாசல் வழியா 'டக்கு டக்கு டக்கு'ன்னு உள்ள வருது! திரும்ப ஓடுச்சு, திரும்ப உள்ள வந்துச்சு. மூணாவது தடவை வந்தப்போ நடு வீட்டுல நின்னு, வாயைத் தொறந்து 'ம்மே'ன்னு கத்தப் பாக்குது. வாய்தான் தொறக்குது, சத்தம் வரல.

இருளாயி ஓடிப் போய் ஐயாவைப் பாத்தா. அவரு கண்ணு முழிச்சுத்தான் கிடக்காரு. அவரும் வாயைத் தொறக்குறாரு, உதடு அசையுது, ஒரு வார்த்தை வெளிய வரல. மூச்சு 'ஸ்ஸ்ஸ்'னு உள்ள போகுது, வெளிய வர்ற சத்தமே இல்ல. நெஞ்சு ஏறினது ஏறினபடி நிக்குது.

"ம்... அத்தே, பயமா இருக்கு."

கையைக் குடு. ம், புடிச்சுக்க. சொல்லவா, நிறுத்தவா?

"சொல்லு."

அவ்வளவையும் பாத்துட்டும் அவ கயித்தைத் தொடல. பேசாட்டிப் போறாரு, கண்ணு முழிச்சுப் பாக்குறாருல்ல, அது போதும்னு இருந்துட்டா. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன், பொய் எதுக்குச் சொல்லணும்?

எட்டாம் நாளு காலையில கட்டிலுக்கு அடியில இருந்து 'தப்பு... தப்பு...'னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா மினுக்கி. வாலால தரையை அடிக்குது. வயித்துல வரிசையா உருண்டை உருண்டையாப் புடைச்சிருக்கு. முட்டை! போட முடியாம முக்குது. முக்கும், நெளியும், ஓஞ்சு போய்த் தலையைத் தரையில போடும். மினுமினுன்னு இருந்த தோலு சாம்பல் பூத்துக் கிடக்கு.

இருளாயி ஓடிப் போய் மாட்டு வைத்தியர் செம்புலியைக் கூட்டியாந்தா. எப்பேர்ப்பட்ட காளையையும் கொம்பைப் புடிச்சு மடக்குற ஆளு. பாம்பைப் பாத்ததும் ஒரே தாவு, உரலு மேல ஏறி நின்னுக்கிட்டாரு.

"ஏத்தா, கன்னுக்குட்டின்னா காலைப் புடிச்சு இழுத்துருவேன். இதுக்கு நான் எதைப் புடிச்சு இழுக்குறது?"

"மாமா, எங்க ஐயா வளத்த உசுரு மாமா. ஏதாவது செய்யுங்க."

அப்புறம் அவரு உரலு மேல நின்னபடியே சொல்றாரு, இவ செய்யுறா. அண்டாவுல வெதுவெதுப்பாத் தண்ணி ஊத்தி, மினுக்கியை அதுல இறக்கி விட்டா. ஒரு நாழி கிடந்துச்சு. முக்குச்சு. வரல.

அப்போ விளக்கெண்ணெயைத் தொட்டு, வால் பக்கம், முட்டை வர்ற வழியில பதமாத் தடவி விட்டா. முக்குச்சு. வரல.

அப்புறம் வாய் அகண்ட பானையில ஈர மணலும் வைக்கோலும் போட்டு, இருட்டு மூலையில வச்சு, "தனியா விடு, யாரும் பாக்காட்டிப் போட்டாலும் போடும்"னாரு. விட்டாங்க. 'தப்பு... தப்பு...'னு மட்டும் கேக்குது. வரல.

செம்புலி மெல்லக் கீழ இறங்கி, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு விரலை மட்டும் நீட்டி அந்த வயித்தைத் தொட்டுப் பாத்தாரு. அவரு மொகம் மாறிப் போச்சு.

"முட்டை மேல குத்தம் இல்லத்தா. குறுக்கயும் நிக்கல, பெருத்தும் போகல. வழி வரைக்கும் வந்துட்டு நிக்குது. யாரோ வெளிய இருந்து கதவைச் சாத்தின மாதிரி. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள இறங்காட்டி, முட்டையும் போச்சு, இதுவும் போச்சு."

சொல்லிட்டு நிமிந்தாரா, கூரையில நிக்கிற புகையைப் பாத்தாரு. கொல்லைவாசல்ல சத்தமில்லாமக் கத்துற ஆட்டுக்குட்டியைப் பாத்தாரு. "என்னத்தா பண்ணி வச்சிருக்க இந்த வீட்டை?"ன்னாரு. அவரு 'விறுவிறு'ன்னு போயிட்டாரு.

இப்ப வீட்டுல இருளாயி ஒருத்திதான். திரும்பிப் பாத்தா, மினுக்கி பானையை விட்டு இறங்கி, அந்தக் கனத்த உடம்பை 'சர்ர்... சர்ர்...'னு இழுத்துக்கிட்டு வருது. நிலைப்படிக்கு வந்து, தலையைத் தூக்கி, மேல அந்தக் கயித்தைப் பாக்குது. கட்டில்ல ஐயா படுத்தபடியே கழுத்தைத் திருப்பி, அவரும் அதையே பாக்குறாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இவளைப் பாத்தாங்க. பாம்புக்குக் கண்ணிமை கிடையாது, தெரியுமா? அன்னைக்கு ஐயாவும் இமைக்கல.

"ம்."

அவளுக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சாலும் மனசு கேக்குமா? முடிச்சு மூணு இருக்கே, ஒண்ணை அவுத்தாலே முட்டை வந்துட்டா, ஐயாவைப் புடிச்சு வச்சுக்கலாம்னு ஒரு கணக்கு. உரலை உருட்டிப் போட்டு ஏறி, முதல் முடிச்சை அவுத்தா. 'உஸ்ஸ்ஸ்...' எட்டு நாளுப் புகையும் சன்னல் வழியா ஓடிப் போச்சு. மினுக்கி முக்குச்சு. வரல.

ரெண்டாவதை அவுத்தா. 'ம்மேஏஏ!' ஆட்டுக்குட்டி தெருவுல துள்ளி ஓடுது, கொல்லைவாசல்ல வரல. மினுக்கி முக்குச்சு. அப்பவும் முட்டை வரல.

மூணாவது முடிச்சுல கையை வச்சா. விரலுக்கு அடியில அது 'லப்பு டப்பு, லப்பு டப்பு'ன்னு அடிக்குது. கூடவே ஏதோ குட்டி குட்டியா நெளியுது. முட்டைக்குத் தனியா, ஐயாவுக்குத் தனியான்னு முடிச்சு இல்லடா கண்ணு. ரெண்டும் ஒண்ணுலதான் கிடக்கு.

கீழ மினுக்கி தலையைத் தரையில போட்டுருச்சு. வாலும் அடிக்கல.

"ஐயா, நான் உங்களைப் போகச் சொல்லல. எனக்கு நீங்க வேணும். ஆனா இது சாகுதுய்யா"ன்னா. சொல்லிட்டு, அழுதுகிட்டே அவுத்துட்டா.

'ப்ளக்.' ஒரு முட்டை, வெள்ளையா, நீளமா, ஈரமா. அதே நேரத்துல கட்டில்ல இருந்து ஐயா குரலு. எட்டு நாளு உள்ளயே கிடந்த வார்த்தை எல்லாம் வரிசையா வருது.

"கால் குளிருது ஆத்தா, போத்தி விடு."

எப்பக் கேட்டதோ! அவ பதறி ஓடிப் போய் போத்தி விட்டா. 'ப்ளக்.' அடுத்த முட்டை.

"அந்த ஆட்டுக்குட்டியைப் புடிச்சுக் கட்டு, கொடிக்கால்ல பூந்துரும்."

'ப்ளக்.'

"தெக்கு மூலையில கூரை ஒழுகும். மழைக்கு முந்தி ஓலையை மாத்து."

'ப்ளக்.'

"மினுக்கி வயித்துல முட்டை இருக்கு. அதை யாரும் அடிக்காமப் பாத்துக்க."

'ப்ளக். ப்ளக்.' ஒரு முட்டைக்கு ஒரு வார்த்தை, ஒரு வார்த்தைக்கு ஒரு முட்டை. கொடிக்கால்ல எந்தப் பாத்திக்குத் தண்ணி காட்டணும், எந்தக் கொடியைக் கிள்ளணும், எல்லாம் சொன்னாரு. பதிமூணு முட்டை. பதிமூணாவது இறங்குறப்போ அவரு குரலு தேஞ்சு போய், காத்து மாதிரி ஆயிருச்சு.

"நீ சாப்டியா?"

அவ சோத்தைத் தொட்டு ரெண்டு நாளாச்சு. அதைச் சொன்னா அவரு போக மாட்டாரு. அவளுக்குத் தெரியும். ஒரு "இல்லைய்யா" சொன்னாப் போதும், அந்த மூச்சு இன்னும் செத்த நேரம் நிக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா.

"சாப்டேன்யா"ன்னா.

"ம்"னாரு. அப்புறம் நீளமா, 'ஹூஊஊ...'ன்னு, எட்டு நாளு மூச்சும் வெளிய வந்துச்சு. அவளைத் தொட்டுட்டு, நிலைப்படியைத் தாண்டி, தெருப் புழுதியை லேசாக் கிளப்பி விட்டுட்டுப் போயிருச்சு.

மினுக்கி நிலைப்படி ஓரத்துலயே முட்டையைச் சுத்திப் படுத்துக்கிச்சு. இருளாயி ஐயா பக்கத்துலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சா. ஊரைக் கூப்பிடல, சொந்தத்தைக் கூப்பிடல. நேரா அடுப்படிக்குப் போய் பழைய சோத்தைப் பிழிஞ்சு, உப்புப் போட்டுக் கரைச்சா. ஐயா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து உக்காந்து, ஒரு வாய், ரெண்டு வாய், மூணு வாய் சாப்பிட்டா. அவரு ரொம்பத் தூரம் போறதுக்குள்ள, சொன்னதை நெசமாக்கிப்புடணும்ல?

கண்ணு... ம் சொல்லலையே. தூங்கிட்டியா?

சரி. உள்ள இருந்த கதை வெளிய வந்துருச்சு, இனி எனக்கும் தூக்கம் வரும். தூங்கு.