பலகை இடுக்கில் பஞ்சு

“நான் எப்போ கடலுக்குப் போவேன், ஆசானே?” என்று கேட்டாள் சுந்தரவடிவு.

அபுசாலி பாய்க்கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் ஊன்றுகட்டையோடதான் நடக்கணுமாம். பாதி பாரம்தான் ஊன்றணுமாம்.”

“அப்ப அதுதான் பதில்.”

“அது டாக்டர் பதில். நான் உங்களைக் கேட்டேன்.”

அபுசாலி இன்னொரு முடிச்சைப் போட்டார்.

சுந்தரவடிவு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அன்றே சொல்லிவிட்டாள், இனிக் குடித்தனம் தண்ணீரில்தான் என்று. சிரிக்க வேண்டியவர்கள் எல்லாம் சிரித்து முடித்த பிறகு, ஒரு பழைய மரப்படகை வாங்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தருகிற அபுசாலிக்கு அவளைவிட வயது குறைவு. அதனால் அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசானே என்பாள். கோபம் வந்தால் தம்பி என்பாள்.

வாடைக் காற்று தொடங்கியதும் தெற்கே கிளம்புவதாக ஏற்பாடு. அதற்காகப் படகுக்குச் சாயம் பூசும்போது சாரப் பலகையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆணி போட்டார்கள்.

எத்தனையோ பேர் காலுக்கு அந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்த கை அவளுடையது. தன் காலுக்குள் ஒன்று இருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“இந்த வாடையை விட்டா இனி அடுத்த வருஷம்தான். எனக்கு என்ன இருபது வயசா, தம்பி?”

“தம்பி” வந்துவிட்டதால் அபுசாலி நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காந்து செய்ற வேலை ஒண்ணு இருக்கு, அக்கா. செய்றீங்களா?”

படகு கோடை முழுவதும் கரையில் முட்டுக்கொடுத்து நின்று காய்ந்துபோயிருந்தது. பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய் திறந்திருந்தன. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் சில இடங்களில் கடல் தெரிந்தது. அந்த இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டி இறக்க வேண்டும். கலப்பத்து என்பார்கள்.

அபுசாலி ஒரு முழ நீளம் செய்து காட்டினார்.

“இவ்வளவு போதும். இறுக்க வேணாம்.”

“தண்ணி உள்ள வருமே?”

“வரும்.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்.

தண்ணீர் வரும் என்று தெரிந்தே யாராவது விடுவார்களா? சுந்தரவடிவுக்கு மனம் ஒப்பவில்லை. காட்டிய அளவுக்குத் திரியை வைத்தாள். அதன் மேல் இன்னொன்று வைத்தாள். மரச்சுத்தியலால் ஓங்கி அடித்தாள். இடுக்கு நிறைந்து பஞ்சு கல் போல இறுகியது. பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

கீழ் வரிசைகள் முடிந்தன. மேல் வரிசைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டவில்லை. ஊன்றுகட்டையைப் படகில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு காலிலும் எழுந்து நின்றாள்.

வலித்தது. வலித்தால் கால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அவள் போடுகிற சத்தத்தில் அந்த வார்டே அதிர்ந்திருக்கும்.

மீன் கூடையோடு போன ஞானப்பூ நின்று பார்த்தாள்.

“என்ன சிஸ்டர், படகுக்குத் தையல் போடுறீங்களா?”

“ஆமா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது.”

“படகுக்குள்ள வராது. உங்க முட்டிக்குள்ளதான் வந்திருக்கு. பாருங்க, இளநி மாதிரி.”

சுந்தரவடிவு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சுத்தியலை எடுத்தாள்.

அபுசாலி திரும்பி வந்ததும் முதலில் அவள் காலைப் பார்த்தார். பிறகு படகைச் சுற்றி வந்தார். பஞ்சின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.



“நல்லா அடைச்சிருக்கேன்ல?”

அவர் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

“ஆழமான புண்ணு, அக்கா. தையல் போட முடியாது. உள்ள துணி வைப்பீங்கல்ல?”

“வைப்போம்.”

“எப்படி வைப்பீங்க?”

இது என்ன கேள்வி என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தெரிந்த விஷயம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“தளர்வா வைக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்க திணிச்சு வெச்சிரும். கையில ஒண்ணு போடுவேன்.”

“ஏன்?”

“திணிச்சா அடியில இருந்து சதை வளந்து வர்றதுக்கு எடம்...”

நிறுத்திவிட்டாள்.

படகைப் பார்த்தாள். காய்ந்து சுருங்கிய பலகைகள். தண்ணீரில் இறங்கினால் அவை ஊறிப் பெருக்கும். பெருத்து எங்கே போகும்? இடமில்லாத பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்.

அபுசாலி கொக்கிக் கம்பியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். முதல் திரியை அவளே இழுத்து எடுத்தாள்.

கீழ் வரிசைகளை அவள் உட்கார்ந்தபடி பிரித்தாள். மேல் வரிசைகளை அவர் பிரித்தார். பிறகு இருவருமாகப் புதுத் திரி வைத்தார்கள். தளர்வாக.

கரையில் நின்றவர்கள் தோள் கொடுத்துப் படகை ஆழமில்லாத கழிமுகத்தில் தள்ளினார்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா இடுக்கிலும் தண்ணீர் கசிந்தது. கசிவு கோடாகி, கோடு ஊற்றாகியது. படகு மெல்ல அமர்ந்து தரை தட்டி நின்றது. விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

தெரிந்திருப்பது வேறு. கண்ணால் பார்ப்பது வேறு.

“முழுகிருச்சு, தம்பி.”

“முழுகட்டும்.”

“ஒரு வாளியாவது குடுங்க. எறைச்சு ஊத்தலாம்.”

“எறைச்சா எப்படி ஊறும்?”

மறுநாள் காலையில் வந்து பார்த்தாள். படகு அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே கிடந்தது. விளிம்பில் ஒரு கொக்கு வந்து உட்காரப் பழகியிருந்தது. ஞானப்பூ அதற்கு ஒரு மீனை வீசிவிட்டு, “சிஸ்டர் வீட்டுக்குக் குடி வந்தாச்சு” என்று சொல்லிப் போனாள்.

“நீங்க ஒண்ணுமே செய்யலையே, ஆசானே.”

“செய்றது நான் இல்லையே.”

“பின்னே யாரு?”

அபுசாலி டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தார்.

பிறகு ஒரு காலையில் படகை ஓரத்துக்கு இழுத்து, தண்ணீரை இறைத்து, அடிப்பலகையைத் துணியால் துடைத்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. மிதந்த படகுக்குள் ஒரு சொட்டும் வராமல் அடிப்பலகை காய்ந்தது.

சுந்தரவடிவு கட்டையை ஊன்றி, விளிம்பில் சாய்ந்து, கையை உள்ளே விட்டாள். இடுக்குகள் இருந்த இடத்தில் விரலை ஓட்டினாள். பஞ்சு எது, மரம் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்தாள்.

காற்று வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது. தூரத்தில் யாரோ பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வாடை வந்துருச்சு, அக்கா” என்றார் அபுசாலி. “நான் சுக்கான் பிடிக்கிறேன். உங்களைத் தூக்கி உள்ள உக்கார வெச்சிருவோம். முகத்துவாரம் வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வரலாமா?”

அவள் தூரத்துப் பாயைப் பார்த்தாள். அது சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு மறைந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊறட்டும், ஆசானே.”

“படகு ஊறிருச்சே, அக்கா.”

“படகு ஊறிருச்சு” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து, முக்காலியை இழுத்துக் காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.