ஆற்றைத் தாண்டாத ஐதீகம்

"அம்மா, ஐதீகம்னா என்ன?"

கேட்டவர் கூத்தபிரான். தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடத்துச் சீடர், அறுபதைத் தாண்டியவர். குரு மீனலோசனி அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அதைப் பற்றி இருவருமே அலட்டிக்கொண்டதில்லை.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வடமொழியில 'இதி ஹ'ன்னு உண்டு. 'இப்படியாம்'னு அர்த்தம். அதுல பொறந்து, நம்ம வாய்க்கு வந்து ஐதீகமாச்சு. இப்ப எதுக்கு?"

கூத்தபிரான் அக்கரையைப் பார்த்தார்.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. பார்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் மடத்துக்கு வந்த சீடர் ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஐதீகம். மகள் வீடோ அக்கரையில்.

"இப்படியாம்னா, யாரு சொன்னதாம்?" என்றார்.

"விசாரிச்சிட்டு வாங்களேன்."

மடைப்பள்ளியில் பிச்சம்மாள் சத்தியமே செய்தாள்.

"மடத்தை உண்டாக்கின சாமியோட கட்டளைல்லா அது! மீறிப் போன ஒருத்தருக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சாம்."

"யாரு சொன்னா?"

"பூக்கட்டுத அண்ணாச்சிதான்."

நந்தவனத்தில் பூக்கட்டும் ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"கண்ணு அவிஞ்ச கதை பிச்சம்மா சேத்தது. சாமி கட்டளைங்கது நான் சேத்தது. சும்மா சொன்னா யாரு கேப்பா?"

"அப்ப முதல்ல சொன்னது?"

"நீங்கதான!"

"நானா?"

"வந்த புதுசுல. மருமவன்கூட சண்டை போட்டுட்டுல்லா வந்தீங்க? தீவாளிக்கு வீட்டுக்குப் போவலியான்னு கேட்டேன். 'இங்க வந்தவன் எவனாவது ஆத்தைத் தாண்டுவானா'ன்னு வெடுக்குனு சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

கூத்தபிரானுக்கு முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கமாட்டாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிச்சம்மாளும் ஆவுடையப்பனும் ஜோடித்ததை அவரே எத்தனை புதுச் சீடர்களுக்குப் பயபக்தியோடு சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

அம்மையிடம் வந்து நின்றபோதும் சிரிப்பு ஓயவில்லை.

"சொன்னது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அம்மா. ஒரு வீம்புக்காரன்."

"சரி."

"நான் போய்ப் பேத்தியைப் பாத்துட்டு வரலாமா?"

அம்மை கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? அந்த வீம்புக்காரனைக் கேளுங்க."